புராஸ்டேட் அறுவைக்குப் பின்: ஆண்களுக்கான கசிவு பேடு தேறுமா?

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுவதும் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் கதீட்டரை (சிறுநீர் வெளியேற வைத்த ரப்பர் போன்ற குழாயை) எடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்தே சிறுநீர் கசியலாம். முதல் சில நாட்களுக்கு, இரவில் இன்னும் கொஞ்ச காலத்துக்கும், இழுத்துப் போடும் டயப்பர்தான் சரி. புரண்டு படுத்தால் பேடு நகர்ந்துவிடும். ஆனால் எழுந்து நடமாடி, இருமும்போதும் நாற்காலியைவிட்டு எழும்போதும் மட்டும் கசிகிற கட்டம் வந்துவிட்டால், கிண்ண வடிவ ஆண்கள் பேடை அடித்துக்கொள்ள வேறு பொருள் இல்லை.

இது சரியில்லை என்பவர்களில் பலர் மாட்டும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அகலமான பக்கம் முன்புறம் மேலே இருக்க வேண்டும், குறுகிய நுனி கால் இடுக்குக்குப் போக வேண்டும். ஆண்குறி கீழ்நோக்கிக் கிண்ணத்துக்குள் இருக்கட்டும். ஒட்டும் பட்டையை ஜட்டியில் அழுத்தித் தேயுங்கள். ஜட்டி இறுக்கமாக இருப்பது கட்டாயம். தும்மும்போது சிறுநீர் சொட்டாக வராது, பீய்ச்சிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் ஜெல் அதை இழுத்துக்கொள்ளச் சில நொடி வேண்டும். தொளதொள பாக்ஸரில் இடைவெளி விழுவதால் அதற்குள் தொடை நனைந்துவிடும். பெண்களின் நாப்கினை வைத்துச் சமாளிப்பதும் வேண்டாம். அது உதிரத்துக்காகச் செய்தது, உறிஞ்சும் பகுதியும் நமக்குத் தேவையான இடத்தில் இருக்காது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் மி.லி. கணக்கை அப்படியே நம்பாதீர்கள். உட்கார்ந்தால் உடல் எடை அழுத்தும், அந்த அளவு நிரம்பும் முன்பே ஓரத்தில் கசியும். இதைவிட நல்ல கணக்கு சமையலறைத் தராசு. புது பேடின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் கழற்றியவற்றை மூடிய பையில் சேர்த்து நிறுத்து, அத்தனை பேடுகளின் காய்ந்த எடையையும் கழியுங்கள். 1 கிராம் ஏறக்குறைய 1 மி.லி. வாரம் ஒருமுறை செய்தால் போதும். எத்தனை பேடு என்று எண்ணுவது ஏமாற்றும்: ஒருவர் லேசான ஈரத்துக்கே மாற்றுவார், இன்னொருவர் நிரம்பும்வரை விடுவார். மாலையில் கசிவு கூடினால் கலங்க வேண்டாம், சிறுநீரை அடக்க நாள் முழுக்க உழைத்த இடுப்புத்தளத் தசை களைத்திருக்கும்.

குறைகளும் உண்டு. வியர்வையில் பசை விட்டுப்போகும், சூடு தேங்கும். தோல் சிவந்தால் கழுவி, ஒற்றி உலர்த்தி, ஈரம் தோலில் படாமல் காக்கும் தடுப்புக் கிரீமை மிக மெலிதாகப் பூசுங்கள். அப்பினால் பேடின் மேல்துணி அடைபட்டு உறிஞ்சாது. பவுடர் ஈரத்தில் கட்டிதட்டும்.

பேடைக் காப்பாற்றத் தண்ணீரைக் குறைப்பது பெரிய தவறு. சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும். குறைப்பதானால் காபியைக் குறையுங்கள். இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சியும் தொடரட்டும், பேடு அதற்கு மாற்று அல்ல.

குறைந்துகொண்டே வந்த கசிவின் எடை திடீரென ஏறி, சிறுநீர் நூலாக வந்தாலோ முக்க வேண்டியிருந்தாலோ பெரிய அளவு பேடு வாங்கப் போகாதீர்கள். அறுவையில் சிறுநீர்ப்பையும் சிறுநீர்க் குழாயும் இணைத்த இடம் சுருங்கியிருக்கலாம். சிறுநீரக மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.