எலுமிச்சைப் பொடியும் மூன்று சாரல் காலமும்

தென்காசியிலிருந்து மைனி போன் பண்ணி, "அந்த டிஹைட்ரேட்டரை நானும் வாங்கலாமா?" என்று கேட்டாங்க. காய், பழத்தோலையெல்லாம் சூடான காற்றில் உலர்த்துகிற மெஷின் அது. முந்தின நாள்தான் அதன் ஃபேன் மோட்டாரை மாற்ற 650 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அன்று காலையில் எலுமிச்சைத் தோல் பொடி பாட்டிலைத் திறந்தால் ஸ்பூன் உள்ளே இறங்கவில்லை.

செங்கோட்டையில் ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் மொட்டைமாடியில் எதுவும் காயாது. சர்பத்துக்கும் ரசத்துக்கும் வாங்குகிற புளியங்குடி எலுமிச்சையின் தோலெல்லாம் குப்பைக்குப் போவது பொறுக்காமல்தான் மூன்று வருஷம் முன்னால் இதை வாங்கினேன்.

உலர்த்துகிற வேலையில் குறையே சொல்ல முடியாது. பழத்தைப் பிழியும் முன்பே மேல்தோலைச் சீவிவிட வேண்டும். பிழிந்த மூடியில் பீலர் நிற்காது. உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை ஒட்டிவந்தால் பொடி கசக்கும். 50 டிகிரி, ஏழெட்டு மணி நேரம். சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் காயும், ஆனால் வாசனை எண்ணெய் வீடெல்லாம் பரவிப் போய்விடும், தட்டில் சக்கைதான் மிஞ்சும். பங்குனி வெயிலில் காயவைத்த தோல் வெளுத்துவிடும். இதில் காய்ந்தது மஞ்சளும் பச்சையுமாக அப்படியே இருக்கும், ஒடித்தால் படக்கென்று ஒடியும். நார்த்தங்காய்த் தோல் இன்னும் ஒரு படி மேல். கேரளத்தில் ஆரியங்காவுப் பக்கம் சம்பாரம் என்கிற தாளித மோரில் நாரகத்து இலையை, அதாவது எலுமிச்சை, நார்த்தை வகை இலையைக் கசக்கிப் போடுவார்களே, அந்த மணத்தை ஒரு சிட்டிகை பொடி மோருக்குக் கொடுத்துவிடும். ரசத்தில் அடுப்பை அணைத்த பிறகு தூவ வேண்டும். வீட்டில் இப்போது சுண்டலுக்கும் அவலுக்கும் இது இல்லாமல் முடியாது.

ஆனால் பொடித்து வைத்தால் கட்டி தட்டுகிறது. மூன்று வருஷமாக இதே தொல்லை. மெஷினோடு வந்த சிறு புத்தகத்தில் காற்றுப் புகாத பாட்டிலில் ஆறு மாதம் இருக்கும் என்று போட்டிருக்கிறது. எழுதியவர் ஆடி மாதம் ஒரு வாரம் இங்கே வந்து தங்கியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். எலுமிச்சையில் இருக்கும் புளிப்பும் சர்க்கரையும் ஈரத்தை இழுக்கும். நைசாக அரைக்க அரைக்க இன்னும் வேகமாக இழுக்கும். பாட்டிலை நாலு தடவை திறந்து மூடினால் போதும். கடைப் பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கிற ஒரு தூள்) போன்றவை சேர்ப்பதால் அது உதிரியாக நிற்கிறது. நான் துணியில் அரிசி கட்டிப் போட்டுப் பார்த்தேன், வறுத்த உப்பு கலந்தேன், ஃபிரிட்ஜில் வைத்தேன். ஃபிரிட்ஜில் வைத்ததுதான் மோசம், வெளியே எடுத்த உடனே வியர்த்துவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது ஒன்றுதான். தோலைப் பொடிக்காமல் காய்ந்த சருகாகவே எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடி வைத்து, வாரத்துக்கு ரெண்டு ஸ்பூன் மட்டும் மிக்சியின் சின்ன ஜாரில் போட்டு நிறுத்தி நிறுத்தி அரைப்பது. தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி மணம் குறையும்.

மெஷினின் குற்றம் இதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மோட்டார் கெட்டபோது கம்பெனிக்காரர்கள் ஸ்பேர் கிடையாது என்று கையை விரித்தார்கள். தென்காசியில் ஒரு மெக்கானிக் வேறு மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தார். அதையும் சேர்த்துப் பார்த்தால் என் பதில் இதுதான்: வாங்காதீங்க மைனி. தோலைச் சீவி என்கிட்ட கொடுத்து விடுங்க, நான் காயவைத்துத் தாரேன். அரைக்கிறதை மட்டும் உங்க வீட்டில் அப்பப்போ வச்சுக்கோங்க.