எனக்கும் பங்கு உண்டு என்று சொன்ன வக்கீல் அலுவலகம்

எனக்குக் கல்யாணம் 1984-இல். அப்பா 2001-இல் காலமானார். பூர்வீக நிலத்தில் பங்கே கிடையாது என்று வேறொரு வக்கீல் அனுப்பிவிட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தம், அதற்கு முன்பே திருமணமான மகள்களை விட்டுவிட்டது உண்மைதான். ஆனால் மதுரை கோர்ட் பக்கத்தில் இருக்கும் இந்த அலுவலகத்து வக்கீலம்மா, உச்ச நீதிமன்றத்தின் 2020 ஆகஸ்ட் 11 தீர்ப்பைப் பொறுமையாக விளக்கினார்: அதே சட்டத்தின் 2005 திருத்தப்படி மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை, அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் வில்லங்கச் சான்று போட்டு, 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது என்பதால், அப்படி எதுவும் பதிவாகவில்லை என்று பென்சிலால் வரிவரியாகக் கோடிட்டுப் பார்த்த பிறகுதான் நோட்டீஸ் அனுப்பினார். தம்பி சமாதானத்துக்கு வந்தான். ஒன்றரை ஏக்கருக்கு என் பெயரில் பட்டா வந்துவிட்டது. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், உட்கார இடம் இருக்காது.