சின்ன பிக்கப்புக்கு எந்த பாப்-அப் கேம்பர்? கதவோர ஸ்டிக்கர் சொல்லும் கணக்கு

பிக்கப் வண்டியின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வெள்ளைத் தாள், மேலே மஞ்சள் பட்டை. டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாம் போட்டு, ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று ஒரு வரியும் இருக்கும். எங்கள் டொயோட்டா டகோமாவில் அந்த எண் 1,240. அதாவது சுமார் 560 கிலோ. கேம்பர் வாங்க நினைப்பவர் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். மூன்று மாதம் படங்களைப் பார்த்து ஒன்றை முடிவு செய்து வைத்துவிட்டு, கடைசியில்தான் கதவைத் திறந்து பார்த்தோம். முடிவு செய்து வைத்திருந்தது அன்றைக்கே கைவிட்டுப் போனது.

பாப்-அப் கேம்பர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பிக்கப்பின் பின்தொட்டியில் உட்காரும் சிறு அறை. ஓடும்போது கூரை தாழ்ந்து, வண்டியின் தலைக்கு மேல் ஒரு கை உயரம்தான் தெரியும். நிறுத்திய பிறகு கூரையைத் தூக்கினால் நடுவில் துணிச்சுவர் விரியும், உள்ளே படுக்கலாம். காற்றை முட்டிக்கொண்டு போகும் உயரம் குறைவு என்பதால் பெட்ரோல் செலவும் குறைவு, வளைவில் ஆட்டமும் குறைவு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மத்திய அரசின் பொது நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். ஆனால் அங்கே போகும் பாதைகள் கல்லும் மணலுமாக இருக்கும். பெரிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போக முடியாத அந்த இடங்களுக்காகத்தான் இந்த வண்டிகளே.

இப்போது கணக்குக்கு வருவோம். நானும் மனைவியும் சேர்ந்து 300 பவுண்டு. ஸ்டிக்கர் எண்ணில் டிரைவரும் அடக்கம். பலர் தன்னைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். டேங்க் நிறைய பெட்ரோல் மட்டும் வண்டி எடையிலேயே சேர்ந்துவிடும், அதைக் கழிக்க வேண்டாம். டயரை மாற்றியதில் கூடிய எடை, கருவிப்பெட்டி, மணலில் மாட்டினால் இழுக்க வார் என்று 60. தண்ணீர் 10 கேலன் 83 (ஒரு கேலன் தண்ணீர் எட்டே கால் பவுண்டுக்கு மேல்). சாப்பாட்டோடு ஃப்ரிட்ஜ் 75. லித்தியம் பேட்டரியும் சோலார் பலகையும் 55. அடுப்பு, கேஸ் 25. ஹீட்டர் 20. துணிமணி, போர்வை 40. நாற்காலி, பாத்திரம், மளிகை 42. எல்லாம் கூட்டினால் 700. 1,240-இல் 700 போனால் 540. கேம்பருக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

நாங்கள் மனத்தில் வைத்திருந்தது ஃபோர் வீல் கேம்பர்ஸின் ஃப்ளீட். 1972-இலிருந்து இந்த வகைக் கேம்பர்களைச் செய்துவரும் நிறுவனம் அது. இப்போது கலிஃபோர்னியாவின் வுட்லேண்டில் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். வெல்டிங் செய்த அலுமினியச் சட்டம்தான் இவர்களின் பலம்; குண்டும் குழியுமான பாதையில் வண்டி முறுக்கினாலும் சட்டமும் கொஞ்சம் சேர்ந்து வளைந்துகொடுக்கும். ஃப்ளீட், டகோமா போன்ற மிட்-சைஸ் (நடுத்தர அளவு) பிக்கப்புகளுக்கென்றே செய்தது. உள்ளே அடுப்பு, தொட்டி, அலமாரி, உட்கார மேசை என்று சின்ன வீடு மாதிரியே இருக்கும். கூரையின் இரு முனையும் நேராக மேலே போவதால் எங்கே நின்றாலும் தலை இடிக்காது. பார்க்கப் போன அன்று மனைவி உள்ளே நின்று, "இதுல நின்னுக்கிட்டே தலை வாரலாம்ங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் என் மனமும் போய்விட்டது.

ஆனால் கூடுதல் வசதி எதையும் சேர்ப்பதற்கு முன்பே ஃப்ளீட்டின் எடை 1,000 பவுண்டை ஒட்டி வரும். அலமாரியும் அடுப்பும் அதிலேயே இருக்கின்றன, ஆகவே என் பட்டியலில் கொஞ்சம் குறையும் என்பது சரிதான். குறைத்துப் பார்த்தாலும் 300 பவுண்டுக்கு மேல் இடித்தது. இரண்டு பேர் போகும் வண்டியில் கூட இரண்டு பேரை ஏற்றியது போல. டகோமாவில் இதைப் போட்டு ஓட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது உண்மை. அவர்களில் பலரும் சொல்வது, "பின் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டேன், ஏர்பேக் போட்டுவிட்டேன்" என்பது. (ஏர்பேக் என்றால் இங்கே ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப்பை.) ஸ்பிரிங் மாற்றினால் பின்பக்கம் தொங்காது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்காது. அது நல்லதுதான். ஆனால் பிரேக்கும் அச்சும் சக்கரத் தாங்கியும் பழையவைதான். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு ஒரு பவுண்டுகூட உயராது. சியரா மலையிலிருந்து 395-ஆம் நெடுஞ்சாலையை நோக்கி இறங்கும் நீண்ட சரிவுகளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஒரு தடவை சூடேறிய பிரேக் வாடையை முகர்ந்தவருக்குப் புரியும்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது ஆப்பு வடிவக் கூரை கொண்டவை. மோன்டானா மாநிலத்து கோ ஃபாஸ்ட் கேம்பர்ஸ் இந்த வகையில் பேர் பெற்றது. ஓரெகனில் செய்யும் சூப்பர் பசிஃபிக்கும் அதே இனம். பின்தொட்டியின் விளிம்பில் ஒரு மூடி மாதிரி உட்கார்ந்து, முதலை வாய் திறந்தாற்போல் பின்பக்கம் மட்டும் உயரும். மிட்-சைஸ் வண்டிக்கான கோ ஃபாஸ்ட் 300 பவுண்டுக்குள் அடங்கிவிடும். எங்கள் கணக்கில் 240 பவுண்டு கையில் நிற்கும். தாழ்ப்பாளைத் தளர்த்தி ஒரு தள்ளு தள்ளினால் கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்தில் நீளும் தண்டு) மிச்சத்தைத் தூக்கிவிடும்; ஒரு நிமிஷம் ஆகாது. மூன்று பக்கமும் பலகைகள் திறப்பதால் பின்தொட்டியிலிருந்து எதையும் வெளியே நின்றபடியே எடுக்கலாம். வாரநாளில் தச்சு வேலைக்கோ தோட்ட வேலைக்கோ போகும் வண்டி என்றால் இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

இடிக்கும் இடம் வேறு. படுக்கும் தளம் மூடியின் மட்டத்தில் இருக்கிறது. கால்மாட்டுப் பக்கம் கூரை சரிந்து முழங்காலுக்கு வந்துவிடும். படுக்கைப் பலகைகளில் ஒன்றைத் தூக்கினால் கீழே பின்தொட்டியில் நிற்கலாம், ஆனால் ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் படுக்க இடம் குறையும். மழை மூன்று மணி நேரம் விடாமல் பெய்தால் இந்த வித்தியாசம் தெரியும். இருபது வயதில் இருந்திருந்தால் இதைத்தான் வாங்கியிருப்பேன். ஐம்பதை நெருங்கும்போது, இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஏணியில் இறங்குவது ஒரு கணக்கில் வரத்தான் செய்கிறது.

எந்த வகையாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் ஒரு இரவாவது வாடகைக்கு எடுத்துப் படுத்துப் பாருங்கள். நாங்கள் அக்டோபர் கடைசியில் ஒரு பாப்-அப்பை வாடகைக்கு எடுத்து, கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊருக்கு மேற்கே அலபாமா ஹில்ஸ் பாறைகளுக்கு நடுவில் நிறுத்தினோம். விட்னி சிகரம் நேர் எதிரே. இரவில் குளிர் கடித்தது. துணிச்சுவரின் ஜன்னல்களை எல்லாம் இறுக்கி மூடிப் படுத்தோம், அதுதான் தப்பு. விடியற்காலையில் கூரையின் அலுமினிய விளிம்பில் வரிசையாக நீர்த்துளிகள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் கை வைத்த இடமெல்லாம் ஈரம், ஓரத்தில் முந்தைய யாரோ விட்டுப்போன கரும்பூஞ்சைப் புள்ளிகள் வேறு. இரண்டு பேர் ஒரு இரவில் விடும் மூச்சின் ஈரம் அத்தனையும் குளிர்ந்த உலோகத்தைத் தேடிப் போய் உட்காரும். கூரை விசிறியை ஒரு விரல் அளவும், எதிர்முனை ஜன்னலை இரண்டு விரல் அளவும் திறந்து வைக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக வலைப்பாய் போட வேண்டும். வெளியே புகைபோக்கி வைத்த ஹீட்டர் இருந்தால் அறை உலர்ந்தே இருக்கும். அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வது மட்டும் கூடவே கூடாது. ஈரமும் ஏறும், கார்பன் மோனாக்சைடும் சேரும்.

அந்த இரவு இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது. உள்ளேயே கடுகு தாளித்தோம். மறுநாள் மாலை வரை துணிச்சுவரில் பெருங்காய வாசனை போகவில்லை. நம் சமையலுக்கு அடுப்பு வெளியே இருப்பதுதான் சரி. டெயில்கேட்டில் (பின்தொட்டியின் மடக்குக் கதவு) வைத்தோ, பக்கத்தில் ஒரு மடக்கு மேசை போட்டோ சமைத்துக்கொள்ளலாம். கேம்பருக்குள் கட்டிவைத்த அடுப்புக்காக எடையும் காசும் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எங்களுக்கு அன்று பிறந்தது.

அந்தக் கேள்விக்குப் பதிலாக, இரண்டு வகைக்கும் நடுவில் வந்து நின்றது ப்ராஜெக்ட் எம். இதுவும் ஃபோர் வீல் கேம்பர்ஸினுடையதே. ஃப்ளீட்டின் தலையை வெட்டி எடுத்து, ஒரு மூடி மேல் வைத்தது போல. தனித் தரை கிடையாது. உங்கள் பின்தொட்டியின் தரைதான் அறையின் தரை. உள்ளே அலமாரி, அடுப்பு, தொட்டி எதுவும் இல்லை. ஆனால் கூரை இரு முனையிலும் நேராக உயர்கிறது, வண்டியின் தலைக்கு மேல் படுக்கை நீள்கிறது, பின்கதவு வழியாக நடந்து உள்ளே போய் நிற்கலாம். தலை வாரலாம். எடை 500 பவுண்டை ஒட்டியது. 540-க்குள் வருகிறது.

குறையும் உண்டு. எந்த பிக்கப்பிலும் டெயில்கேட்டைச் சுற்றி இடுக்கு இருக்கும், மூடி வகைக் கேம்பர்கள் எல்லாவற்றிலும் அதன் வழியாகத்தான் புழுதி ஏறும். முதல் மண்பாதைப் பயணத்தில் ஃப்ரிட்ஜ் மூடியில் பெயர் எழுதலாம் போல் வெள்ளைத் தூசி. கதவுக்கு ஒட்டும் ரப்பர் பட்டையை டெயில்கேட் ஓரமெங்கும் ஒட்டிய பிறகு பாதிக்கு மேல் குறைந்தது. அப்புறம், தரையில் வெப்பத்தடை இல்லாததால் குளிரில் கால் சில்லிடும். அரை அங்குல ரப்பர் விரிப்பு போட்டோம். ஃப்ளீட் போல ஜாக்கி வைத்து இறக்கி வீட்டில் விட்டுவிட்டு அலுவலகம் போக முடியாது, வருஷம் முழுக்க வண்டியோடேயே இருக்கும். கூரையை இறக்கும்போது விசிறி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, துணியை உள்பக்கம் இழுத்துச் சொருகிக்கொண்டே இறக்க வேண்டும். அவசரப்பட்டால் துணி விளிம்பில் மாட்டி நசுங்கும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பாலோமினோ பேக்பேக்கின் துணிச்சுவர் மாடல்கள் வசதிக்குக் குறைவில்லாதவை, ஆனால் ஃப்ளீட்டைவிடக் கனமானவை. மிட்-சைஸ் வண்டிக்காரர் அந்தப் பக்கம் போக வேண்டாம். அலாஸ்கன் கேம்பர் வேறு ரகம். 1950-களிலிருந்து வருவது, கூரையோடு சுவரும் சேர்ந்து ஹைட்ராலிக்கில் உயரும், துணியே கிடையாது. யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டம் காரணமாகத் துணிச்சுவர் வண்டிகளை விடமாட்டார்கள். கரடி நாட்டிலேயே அதிகம் சுற்றுபவருக்கும், கடும் குளிரில் தங்குபவருக்கும் கெட்டிச் சுவர் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்குப் பெரிய வண்டி வேண்டும்.

பெரிய வண்டி என்றதும் ஒரு எச்சரிக்கை. ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் கணக்கு தனக்குப் பொருந்தாது என்று நினைத்திருந்தார். அவர் கதவைத் திறந்து பார்த்தோம்: 1,480. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று எல்லா வசதியும் ஏறிய வண்டி அது. ஏறிய ஒவ்வொன்றும் சுமை தாங்கும் எண்ணைக் குறைத்திருக்கிறது. அதே மாடலின் சாதாரண வண்டி அவருடையதைவிட அதிகம் தாங்கும். மாடல் பெயரை நம்பாதீர்கள், உங்கள் கதவில் ஒட்டியிருப்பதை நம்புங்கள்.

நாங்கள் ப்ராஜெக்ட் எம்மைப் பொருத்தினோம். எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, இருவரும் உட்கார்ந்து, லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) எடை மேடைக்குப் போனோம். முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, மொத்தம் ஒன்று என்று அச்சடித்த சீட்டு கையில் வரும். பின் அச்சின் எண்ணையும் கதவில் இருக்கும் அச்சு வரம்போடு ஒப்பிட வேண்டும். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு தாண்டுவது உண்டு. எங்களுக்குப் பின் அச்சு வரம்புக்குள் இருந்தது. மொத்த வரம்பு 5,600, சீட்டில் 5,560. மிச்சம் 40 பவுண்டு. ஐந்து கேலன் தண்ணீரே அதைத் தாண்டிவிடும். அதனால் இரண்டாவது கேன் வீட்டிலேயே இருக்கிறது. அலபாமா ஹில்ஸில் தண்ணீர் தீர்ந்தால் லோன் பைனுக்கு இறங்கி நிரப்பிக்கொண்டு, மறுபடி பாறைகளுக்குத் திரும்புகிறோம்.