பிளாட்டுக்குப் பிளாட் தண்ணீர் மீட்டர்: வாங்கலாம், குழாய்களை எண்ணிவிட்டு வாங்குங்கள்

பாலக்காட்டில் சந்திராநகர் பக்கம் இருக்கிறது எங்கள் அபார்ட்மென்ட். கஞ்சிக்கோட்டுக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் பாதி, மலையாளிகள் பாதி. வாட்டர் அதாரிட்டி தண்ணீர், கிணறு, போர்வெல், வெயில் ஏறினால் டேங்கர் லாரி, எல்லாம் ஒரே சம்பில் விழுந்துதான் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறும். மொத்தச் செலவைப் பிளாட் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள், அதனால் தனியாக இருக்கும் ரிட்டயர்டு சாருக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே தொகைதான் வரும். இந்தச் சண்டை தாங்காமல்தான் அசோசியேஷன் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு எல்லா வீட்டுக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் போட்டது. கம்பெனி பெயர் வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மீட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே சுற்றுகிற சக்கரம் கிடையாது, தண்ணீர் ஓடும் திசையிலும் எதிர்த் திசையிலும் ஒலியை அனுப்பி இரண்டுக்கும் ஆகும் நேர வித்தியாசத்தை வைத்து அளக்கிறது. பழைய சக்கர மீட்டர் போர்வெல் மணலில் சிக்கி நின்றுபோகும், தொட்டி காலியாகித் திரும்ப நிரம்பும்போது குழாயில் வருகிற காற்றையும் தண்ணீராக எண்ணிவிடும். 20 லிட்டர் கேனை நிரப்பிப் பார்த்தேன், ரீடிங் ஒட்டித்தான் வந்தது.

வம்பு குழாயில்தான். நம்ம ஊர் அபார்ட்மென்ட்களில் ஒரு வீட்டுக்கு ஒரு குழாய் வருவதில்லை. சமையலறைக்கு ஒன்று, இரண்டு பாத்ரூமுக்கு இரண்டு, வொர்க் ஏரியாவுக்கு ஒன்று என்று மாடித் தொட்டியிலிருந்து தனித்தனியாக இறங்கும். மீட்டிங்கில் "வீட்டுக்கு ஒரு மீட்டர்" என்று பேசிவிட்டுப் போன சேல்ஸ் தம்பி, குழாய்கள் இறங்கும் ஷாஃப்டைத் திறந்து பார்த்த பிறகு நான்கு மீட்டருக்குக் கொட்டேஷன் அனுப்பினார். செலவைக் குறைக்க வொர்க் ஏரியா லைனை விட்டுவிடலாம் என்று வேறு ஒரு யோசனை. வாஷிங் மெஷின் அங்கேதான் நிற்கிறது, வீடு துடைக்கிற தண்ணீரும் அங்கேதான் பிடிக்கிறோம், அதை விட்டுவிட்டு எதை அளப்பது? விடாமல் பேசித்தான் அதையும் சேர்க்க வைத்தோம். இன்னொன்று, வருடாந்தரச் சந்தாவும் வீட்டுக்கு இல்லை, மீட்டருக்கு. கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள், பேட்டரி தீர்ந்தால் யார் செலவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

காசுக்கு உண்மையான பலன் லீக் அலர்ட்தான். நடுராத்திரி யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் ஓட்டம் நிற்காமல் இருந்தால் போனுக்கு மெசேஜ் வருகிறது. எங்கள் தளத்தில் துபாயில் இருக்கும் ஒரு சேச்சியின் வீடு பூட்டியே கிடக்கும், அந்த வீட்டு மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. சாவி வாங்கித் திறந்து ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள்தூளைப் போட்டோம், யாரும் அழுத்தாமலே கோப்பைக்குள் மஞ்சள் இறங்கியது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றாலே ஒரு நாளைக்கு 1,440 லிட்டர், இவ்வளவு நாளும் அதற்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து காசு கட்டியிருக்கிறோம்!

பில் போடுகிற விதம் சுமார். கேரளத்தில் வாட்டர் அதாரிட்டி தண்ணீருக்கு 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்கள், கேட்கச் சின்னதாக இருந்தாலும் வீட்டு இணைப்பில் மிகக் குறைந்த பயன்பாட்டுக்கான கட்டணப் படியில் ஆயிரம் லிட்டர் 4.41 ரூபாயிலிருந்து 14.41 ஆனது. அப்படி ஆன பிறகும் டேங்கர் தண்ணீரோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆப்பில் இரண்டையும் கலந்து ஒரே ரேட்டாகக் காட்டுகிறார்கள், எந்த மாதம் எத்தனை லாரி வந்தது என்று தெரியாது. மெயின் மீட்டருக்கும் வீட்டு மீட்டர்களின் கூட்டலுக்கும் வரும் வித்தியாசத்தை, அதாவது தோட்டம், படி கழுவுவது, தொட்டி வழிவது எல்லாவற்றையும், சமமாகப் பிரித்துப் போடுகிறார்கள். அது நியாயம்தான், ஆனால் எவ்வளவு என்று தனியாகக் காட்டட்டும்.

ஸ்லாப், அதாவது ஒரு வரம்பைத் தாண்டினால் ரேட் ஏறுகிற முறை, இன்னும் மோசம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்க வழிகாட்டிக் கணக்கு, நான்கு பேருக்கு மாதம் 16,200 லிட்டர். ஆறு பேர் உள்ள வீட்டுக்கும் அதே வரம்பை வைத்தால் அந்த வீட்டம்மா எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் மேல் ஸ்லாபுக்குத்தான் போவார். இது அசோசியேஷன் செய்த வேலை, கம்பெனி மேல் பழி போட முடியாது.

சர்வீஸ் மட்டம். இடி மின்னலில் மீட்டர்களின் ரீடிங்கை வாங்கும், பேஸ்மென்டில் இருந்த ரிசீவர் போய், ரீடிங் வராத நாட்களுக்குச் சராசரி போட்டு பில் அனுப்பினார்கள். ஆப் முழுக்க ஆங்கிலம், தமிழும் இல்லை மலையாளமும் இல்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. கடைசித் தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: தொட்டிக்கு ஒரு மீட்டர் தூரம் கீழே என்றால் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.1 பார் (bar) தான், நடுவில் தண்ணீர் மீட்டரும் அதன் முன்னால் ஒரு வடிகட்டியும் வந்தால் ஷவர் சொட்டத்தான் செய்யும். பிரஷர் பம்ப் பேச்சை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவும் விதத்தையும் அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்பிவைக்க மாட்டார்கள்.