பாக்கெட் ட்ரேசர்: மொத பிங் ஃபெயில் ஆகுற வரைக்கும் பொறுங்க

செகண்ட் இயர் பசங்களுக்கு நெட்வொர்க்கிங் லேப் எடுக்குறேன், ஆறு வருசமா இதே பாடம்தான். மொத ரெண்டு வருசம் போர்டுல நெட்வொர்க் வேலைய ஏழு அடுக்கா பிரிக்குற ஓஎஸ்ஐ மாடலோட ஏழு லேயரையும் அடுக்கடுக்கா வரைஞ்சு கை வலிச்சதுதான் மிச்சம், பசங்க பரீட்சையில ஏழு பேரையும் கரெக்டா எழுதிருவாங்க, ஆனா ஒரு ரவுட்டர் (ரெண்டு நெட்வொர்க்க இணைக்குற பெட்டி) உள்ள வர்ற பாக்கெட்ட, அதாவது டேட்டா துண்ட, என்னடா பண்ணுதுன்னு கேட்டா பேந்தப் பேந்த முழிப்பாங்க. ரெண்டு ரவுட்டர் வாங்கிக் குடுங்கன்னு ஆபீஸுக்கு லெட்டர் எழுதினேன், அது இன்னும் ஏதோ ஒரு ஃபைல்ல தூங்குது. அப்புறம்தான் நெஜ பெட்டி இல்லாம கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் போட்டுப் பாக்குற சாஃப்ட்வேரான சிஸ்கோ பாக்கெட் ட்ரேசர லேப்ல முழுசா எறக்கினேன்.

காசு கிடையாது. சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் அகாடமியில ஒரு அக்கவுண்ட் போட்டா எறக்கிக்கலாம், விண்டோஸ், மேக், உபுண்டு மூணுலயும் ஓடும். எங்க லேப்ல இருக்குற வெர்சன் தொறந்தா லாகின் கேக்கும், அதனால அக்கவுண்ட வீட்லயே போட்டுட்டு வாங்கன்னு மொதல்லயே சொல்லிருவேன், இல்லன்னா முப்பது பேரும் ஒரே நேரத்துல உக்காந்து எங்க காலேஜ் நெட்ட படுக்க வெச்சிருவாங்க, ஒரு பீரியட் காலி.

மொத நாள் நான் குடுக்குறது ஒரு ரவுட்டர், ரெண்டு சுவிட்ச் (ஒரே நெட்வொர்க்குக்குள்ள பிசிங்கள இணைக்குறது), நாலு பிசி. ஒரு பக்கம் 192.168.1.0 நெட்வொர்க், இன்னொரு பக்கம் 192.168.2.0 நெட்வொர்க், அவ்ளோதான். ஒயர் போட்ட உடனே சுவிட்ச் பக்கம் ஆரஞ்சு கலர்ல நிக்கும், "மேம் வரல மேம்"னு நாலு மூலையில இருந்தும் சத்தம் வரும். அது ஸ்பானிங் ட்ரீ, சுத்தி வந்து லூப் ஆகுதான்னு பாத்துட்டுதான் போர்ட்ட தொறக்கும், 15 செகண்ட் காது குடுத்துக் கேக்கும் (லிசனிங்), 15 செகண்ட் கத்துக்கும் (லேர்னிங்), மொத்தம் 30 செகண்ட் பொறுத்தா பச்சை ஆயிரும். பொறுக்க மாட்டாங்களே, ஒயர புடுங்கிப் புடுங்கி மாட்டுவாங்க, ஒவ்வொரு தடவையும் அந்த 30 செகண்ட் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பட்டன் ஒண்ணு இருக்கு, அத ரெண்டாவது வாரம்தான் காட்டுவேன்.

ரவுட்டர் போர்ட்ட ஆன் பண்ற நோ ஷட்டவுன் கமாண்ட அடிக்க மறக்குறது, எனேபிள்ங்கற கமாண்ட தப்பா அடிச்சிட்டு ரவுட்டர் அத ஏதோ வெப்சைட் பேர்னு நெனச்சு தேடிட்டு இருக்குறப்ப "சிஸ்டம் ஹேங்"னு கைய தூக்குறது, இதெல்லாம் வருசா வருசம் நடக்கும். கன்ட்ரோல் ஷிப்ட் 6 அடிச்சா வெளிய வந்துரலாம்.

இதெல்லாம் தாண்டி அந்தப் பக்கத்து பிசிக்கு பிங் போட்டா, அதாவது இருக்கியான்னு நாலு பாக்கெட் அனுப்பிப் பாத்தா, நாலுல மொதல் போகாது, மீதி மூணு வரும், 25 பர்சென்ட் லாஸ்னு காட்டும். நான் காத்துட்டு இருக்குறதே இந்த எடத்துக்குத்தான். தப்பா கான்ஃபிகர் பண்ணிட்டோம்னு அழிக்கப் போவாங்க, அழிக்காதீங்க, திரும்ப போடுங்கன்னா இப்ப நாலும் வந்துரும். ஏன்?

இப்பதான் பாக்கெட்ட ஒவ்வொரு ஸ்டெப்பா நிறுத்திப் பாக்குற சிமுலேஷன் மோடுக்குப் போகணும், அதுல ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு கவர் மாதிரி தெரியும். போறதுக்கு முன்னாடி ஃபில்டர்ல ஏஆர்பியும் (ஐபி அட்ரஸுக்கு மேக் அட்ரஸ் எதுன்னு கேக்குறது) ஐசிஎம்பியும் (பிங் போற கவர்) மட்டும் வெச்சுக்கோங்க, இல்லன்னா எஸ்டிபி (அந்த ஸ்பானிங் ட்ரீதான்), சிடிபின்னு கண்ட கவரும் பறந்து தலை சுத்தும். ஏற்கனவே கத்துக்கிட்ட அட்ரஸ் எல்லாம் போகணும், அதனால ஃபைல மூடித் தொறந்துட்டு திரும்ப பிங் போட்டு ஒவ்வொரு க்ளிக்கா நகத்தினா, பிசி மொதல்ல கேட்வேயோட (வெளிய போற வழி, இங்க நம்ம ரவுட்டர்) மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) என்னன்னு கத்திக் கேக்குறது, பதில் வந்த அப்புறம் பிங் கவர் ரவுட்டருக்குப் போறது, ரவுட்டருக்கு அந்தப் பக்கத்து பிசியோட மேக் தெரியாததால கவர தூக்கிப் போட்டுட்டு தான் ஒரு ஏஆர்பி கேள்வி கேக்குறது எல்லாம் கண்ணு முன்னாடி வரும். அந்தத் தூக்கிப் போட்ட கவர்தான் நம்ம 25 பர்சென்ட். அடுத்து போற கவர ரவுட்டர்ல நிறுத்தி க்ளிக் பண்ணி உள்ள வந்தது, வெளிய போறது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாக்கச் சொல்லுவேன்: ஐபி அட்ரஸ் ரெண்டும் அப்படியே இருக்கும், மேக் ரெண்டும் மாறியிருக்கும், டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டர தாண்டும்போதும் ஒண்ணு கொறையுற கணக்கு) 128 வந்தது 127 ஆகியிருக்கும். லேயர் 2க்கும் (மேக்) லேயர் 3க்கும் (ஐபி) என்ன வித்தியாசம்னு நான் போர்டுல ரெண்டு வாரம் மூச்சு முட்ட சொன்னது இந்த ஒரு கவர்ல அடங்கிரும்.

என் மார்க் 10க்கு 8. அந்த ரெண்டு எங்க போச்சுன்னா, இது நெஜ ரவுட்டர் சாஃப்ட்வேர் கிடையாது, அது மாதிரி நடிக்குறது, பாடத்துக்கு வேண்டிய கமாண்ட்தான் இருக்கும், கொஞ்சம் உள்ள போனா இல்லன்னுரும். பைனல் இயர் பசங்க நெஜ ரவுட்டர் சாஃப்ட்வேரையே ஓட்டுற ஜிஎன்எஸ்3 பக்கம் போகலாம், ஆனா அந்த சாஃப்ட்வேர் ஃபைல, அதாவது ரவுட்டர் இமேஜ, நாமதான் தேடி வெக்கணும். நெஜ பாக்கெட்ட பாக்க ஒயர்ஷார்க் இருக்கு, 1998ல ஈத்தரியல்னு வந்து 2006ல பேர் மாத்துனது, அதுவும் இலவசம். ஆனா மொத நாளே அத தொறந்து விட்டா ஓடுற வேகத்த பாத்து பசங்க ஓடிருவாங்க.

இன்னொண்ணு, பாக்கெட் ட்ரேசர்ல ஒயர் தப்பா போட்டா செவப்பு காட்டும், ஆனா ஒயர் என்னைக்கும் லூஸ் ஆகாது. அதனால மூணாவது வாரம் கிரிம்பிங் டூல் (ஒயர் முனையில கனெக்டர அழுத்திப் பொருத்துறது), நெட்வொர்க் ஒயர் முனையில மாட்டுற ஆர்ஜே45 கனெக்டர குடுத்து உக்கார வெச்சிருவேன், உள்ள இருக்குற எட்டு ஒயரையும் அடுக்குற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். போன வருசம் சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் மொதல்ல முடிச்ச பையன் ஒருத்தன் ஏழு கனெக்டர வீணாக்கினான், டெஸ்டர்ல மூணாவது லைட் மட்டும் எரியவே இல்ல.

எறக்குறவங்க லேப்ல எந்த வெர்சன் இருக்குன்னு கேட்டுட்டு எறக்குங்க. புது வெர்சன்ல சேவ் பண்ண ஃபைல் பழசுல தொறக்காது, ரெக்கார்டு சப்மிட் பண்ற அன்னைக்கு என்கிட்ட வந்து நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.