உஸ்பெக்கில் வெளிநாட்டுக் கவிதை: அரூஸா, பர்மோக்கா?

உஸ்பெக்கில் கவிதை மொழிபெயர்ப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது யாப்பில்தான். அங்கே யாப்பு இரண்டு வகை: அரூஸ், பர்மோக். அரூஸ் அரபு, பாரசீக வழி வந்தது. 15ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நவாயி எழுதியது அதில். பர்மோக் என்றால் விரல். பெயருக்கேற்ப அசைகளை எண்ணினால் போதும்.

உழைப்பு
அரூஸ்: ஒவ்வோர் அசையும் குறிலா நெடிலா என்று பார்க்க வேண்டும். இன்றைய உஸ்பெக் உயிர்களில் அந்த வேறுபாடு தெளிவாக இல்லை என்பதால் தலைவலி இரட்டிப்பு.
பர்மோக்: 7, 8, 11 என்று எண்ணிக்கை பிடித்தால் சரி.

இடம்
இங்கேதான் இரண்டும் திணறும். உஸ்பெக் நம் தமிழைப் போல விகுதிமேல் விகுதி அடுக்கும் மொழி. 'கிதோப்லரிமிஸ்தன்' என்றால் 'நம் புத்தகங்களிலிருந்து'. ஒரே சொல், 6 அசை. 11 அசை வரியில் பாதிக்கு மேல் போய்விட்டது! பர்மோக்கில் வேறு சொல்லைச் சுருக்கிச் சமாளிக்கலாம். அரூஸில் அந்தச் சொல்லே வாய்பாட்டில் உட்காராமல் போகலாம்.

மூலத்தின் ஓசை
அரூஸ்: பாரசீகக் கவிஞர்கள் ஹாபிஸ், கய்யாம் என்றால் வீட்டுக்குத் திரும்பியது போல.
பர்மோக்: புஷ்கினின் 'ஒனேகின்' வரிகள் 8, 9 அசைகளில் மாறி மாறி வருபவை. எண்ணிக்கையைக் காப்பாற்றலாம். ஆனால் உஸ்பெக்கில் அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் விழும். ரஷ்ய வரியின் மென்மையான முடிவு, அதாவது அழுத்தமில்லாத கடைசி அசை, நழுவிவிடும்.

பாரசீக கஜலுக்கு, கஷ்டப்பட்டாலும், அரூஸ். ரஷ்ய, ஐரோப்பியக் கவிதைக்கு பர்மோக். ஐரோப்பிய சானெட்டை (14 வரிக் கவிதை) அரூஸில் அடைத்தால் என் காதுக்கு அது கஜலின் வேஷம் போட்டது போலத்தான் கேட்கும்.