தரங்கம்பாடியில் இரண்டு நாள்: சமையலறையோடு ஒரு வாடகை வீடு

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சனி, ஞாயிறுகளில் ஏதேனும் ஒரு கடலோர ஊருக்குப் போவோம். ஒரு வேளை அவ்வூர் மெஸ்ஸில் மீன் சாப்பாடு, மற்ற வேளைகளில் எங்கள் சொந்தச் சமையல் என்பது பல ஆண்டுப் பழக்கம். இப்படிப் போகிறவர்கள் தங்குமிடத்தைத் தேடும்போது முதலில் விசாரிப்பது சமையலறையைத்தான். பெரும்பாலான கடற்கரை விடுதிகளில் சமைக்கவே விடுவதில்லை; விடுகிற சில இடங்களிலும் மின்சார அடுப்பு ஒன்றையும் ஒட்டாத வாணலி ஒன்றையும் வைத்துவிட்டு அதைச் சமையலறை என்கிறார்கள். கடந்த மாசி மாதத்தில் தரங்கம்பாடியில் நாங்கள் இரண்டு இரவுகள் தங்கிய பழைய ஓட்டு வீடு இவ்வகையில் எங்களுக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. ஒரு குறை இருந்தது. அதையும் பின்னால் சொல்கிறேன்.

மயிலாடுதுறை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சாலை வழியாக ஊரை அடையலாம். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிக் குடியேறி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர் இது. கோட்டையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கடலை ஒட்டியபடி நிற்கிறது. அதன் முன்பகுதியை அலைகள் என்றோ கொண்டுபோய்விட்டன. வீடு பழைய ஊருக்குள்ளேயே இருப்பதால் இவற்றையெல்லாம் காலையில் ஒரு நடையில் பார்த்துவிட முடிகிறது. திண்ணை, நடுவில் முற்றம், மூன்று அறைகள், பின்னால் கொல்லை என்ற பழைய அமைப்பை மாற்றாமல், கழிப்பறைகளை மட்டும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அறைகள் சுத்தமாக இருந்தன. படுக்கைகளைப் பற்றிச் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

சமையலறையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பர்னர் உள்ள எரிவாயு அடுப்பு நல்ல வேகத்தில் எரிந்தது. கனமான இரும்புத் தோசைக்கல், அடி தடித்த பெரிய வாணலி, நன்கு பழக்கிய இரண்டு மண்சட்டிகள், ஓர் அரிவாள்மனை, எட்டுப் பேருக்குச் சோறு வடிக்கும் அளவில் ஒரு பானை என்று எல்லாமே புழங்கிய சாமான்களாக இருந்தன. மண்சட்டிகளில் ஒன்றை மீனுக்கென்றே தனியாக வைத்திருந்ததைக் கண்டபோது, இந்த வீட்டுக்காரர் சமையல் தெரிந்தவர் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஓர் அம்மி. பக்கத்திலேயே மீன் கழுவுவதற்குச் சாய்வாகச் சிமெண்டு பூசிய மேடையும் குழாயும். நாற்றமுள்ள தண்ணீர் வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே வடிந்து போய்விடுகிறது. மீன் சமைக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய வசதி வேறு இல்லை என்பது என் கருத்து.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் கரைக்குப் போய்விட்டோம். படகுகள் வந்து வலை உதறி முடிப்பதற்குள் ஏலம் தொடங்கிவிடும். கூடை கூடையாகப் போகும் ஏலத்தில் நம்மைப் போன்றவர்கள் நுழைய இயலாது. ஏலம் எடுத்த பெண்கள் அங்கேயே உட்கார்ந்து சில்லறையாக விற்பதைத்தான் வாங்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பளிச்சென்ற சிவப்பு இருக்க வேண்டும்; கண் குழி விழாமல் புடைத்திருக்க வேண்டும்; விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். அன்று இரண்டு பெரிய சங்கராவும், ஒரு கிலோ வெள்ளை இறாலும், முதுகில் மூன்று புள்ளி உள்ள கடல் நண்டு இரண்டு கிலோவும் வாங்கினோம். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு போயிருந்தோம். அமாவாசை நண்டில்தான் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு உள்ளே காலி என்று கடற்கரையில் சொல்வார்கள்; எது எப்படியோ, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிற நண்டாகப் பார்த்து எடுத்தோம், ஒன்றுகூட ஏமாற்றவில்லை.

மீன் ஆய்ந்து கொடுத்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. கைக்கு வழுக்காமல் இருக்க மீனைச் சாம்பலில் புரட்டி, அரிவாள்மனையில் செதிலும் துடுப்பும் போக்கி, தலையை இரண்டாகப் பிளந்து, ஒரே அளவில் துண்டம் போட்டுக் கொடுக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குழம்புக்கா என்று கேட்டார். ஆமாம் என்றதும், "கொழம்பு நல்லா கொதிச்சு எண்ணெ பிரிஞ்சப்புறம் மீனப் போடு தம்பி. கரண்டிய உள்ள விடாத, சட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு சுத்து ஆட்டு, போதும்" என்றார். எங்களில் சமையலுக்குத் தலைமை தாங்கும் நண்பர் இருபது ஆண்டுகளாக மீன் குழம்பு வைக்கிறவர். ஆனாலும் துண்டம் உடையாத குழம்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

நல்லெண்ணெயில் வெந்தயம் சிவந்ததும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, அம்மியில் மையாக அரைத்த மிளகாய் மல்லியைப் புளிக்கரைசலில் கலந்து ஊற்றி, மாசிக்கே சந்தைக்கு வந்துவிட்ட மாங்காயில் நான்கு கீற்று போட்டோம். எண்ணெய் மேலே மிதந்த பிறகே சங்கராத் துண்டங்கள் உள்ளே போயின. நண்டுக்கு மிளகு, சோம்பு, பூண்டு மூன்றையும் அம்மியிலேயே கொரகொரவென்று தட்டிக்கொண்டோம். ஓட்டை நீக்கி, பஞ்சு போன்ற செவுள்களைப் பிய்த்துப் போட்டு, காலை லேசாக நசுக்கி வாணலியில் இட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே நண்டு தன் நீரில் வெந்து மசாலாவை இழுத்துக்கொள்கிறது. வாணலியின் அடி தடிப்பாக இருந்ததால் மசாலா கருகவில்லை. இதை மெல்லிய பாத்திரத்தில் செய்திருந்தால் கெட்டிருக்கும். ஆறு பேரும் முற்றத்தைச் சுற்றி அமர்ந்து, இலையில் நண்டு ஓடு குவியக் குவியச் சாப்பிட்டு எழ இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்குக் காரைக்கால் செல்லும் சாலையில் வீட்டுக்காரர் சொல்லிவிட்ட ஒரு சிறிய மெஸ்ஸுக்குப் போனோம். அச்சிட்ட உணவுப் பட்டியல் அங்கு இல்லை. அன்று என்ன கிடைத்ததோ அதைக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். வஞ்சிரம் இருக்கிறதா என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டதற்கு, "இன்னிக்குப் பெருசா வரலை சார், ஐஸ்ல வச்சது வேணாம், கிழங்கான் சாப்பிடுங்க" என்று பரிமாறுபவர் சொன்ன பதிலுக்காகவே அந்த மெஸ்ஸுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். கிழங்கான் வறுவல் விளிம்பில் மொறுமொறுப்பாகவும் நடுவில் ஈரம் காயாமலும் இருந்தது. சுறாப்புட்டில் இஞ்சியும் பச்சை மிளகாயும் தாராளம். கணவாய் வறுவல் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கணவாயைச் சில நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும், அல்லது நெடுநேரம் வேகவிட வேண்டும்; இரண்டுக்கும் இடையில் எடுத்துவிட்டதால் ரப்பரைப் போல் இழுத்தது. ஆறு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, இன்றைய விலைவாசியில் நியாயமானது.

இனி, வீட்டின் குறை. வாடகை ஓர் இரவுக்கு 5,500 ரூபாய் என்று பேசித்தான் முன்பணம் அனுப்பினோம். புறப்படும் நேரத்தில், சமையலறையைப் பயன்படுத்தியதற்காக நாளொன்றுக்கு 800 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். அந்தச் சமையலறைக்கு அது அதிகமில்லை, மகிழ்ச்சியோடு கொடுத்திருப்போம். ஆனால் முன்கூட்டியே சொல்லாமல், பெட்டியைக் கட்டிய பிறகு சொன்னது மனத்தை உறுத்தியது. பதிவு செய்யும்போதே எரிவாயு, பாத்திரம், துப்புரவு எல்லாம் வாடகையில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. குளிர்பெட்டியும் சிறியது, உறைநிலைக்குப் போவதில்லை. இதைச் சின்ன விஷயமென்று விட்டுவிடக்கூடாது. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தாலே அவற்றில் ஹிஸ்டமைன் என்னும் நச்சுப்பொருள் சேர்ந்துவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. நாங்கள் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் கொண்டுபோயிருந்ததால் மறுநாளுக்கென்று எடுத்து வைத்த இறால் தப்பியது.

போக நினைப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைத் தவிர்க்கலாம். அந்நாள்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சிறு படகுகள் கொண்டுவருவது கொஞ்சமே, விலையும் ஏறிவிடும். மீன்கள் பெருக வேண்டிய காலம் என்பதால் நாமும் அப்போது கேட்காமல் இருப்பதே முறை. மசாலா அரைக்க அம்மி இருக்கிறது, மிக்ஸி இல்லை. நல்லெண்ணெயும் புளியும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், பக்கத்துக் கடையில் எங்களுக்குக் கிடைத்த எண்ணெய் அவ்வளவு சரியாக இல்லை. குழம்பைச் சற்று அதிகமாகவே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரிலேயே வாங்கிய இட்லிக்கு அந்தச் சட்டியின் அடியில் சுண்டிக் கிடந்த முதல்நாள் குழம்பைத்தான் ஆறு பேரும் போட்டி போட்டு வழித்தோம்.